பிரெடிக்ட்இட்: வேட்பாளருக்கு விலை போடும் சந்தை, என் அனுபவத்தில்

2019 ஜூன் 27 இரவு. மயாமி விவாத மேடையில் கமலா ஹாரிஸ் ஜோ பைடன் பக்கம் திரும்பி, பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்க மாணவர்களைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிய விவகாரத்தில் அவர் அந்தக் காலத்தில் எடுத்த நிலையைப் பற்றிக் கேட்டார். பேருந்தில் போன அந்தச் சின்னப் பெண் நான்தான் என்று சொன்னார். நானும் என் மகளும் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டோம். 19 வயதில் மேற்படிப்புக்காகத் தனியாக பெர்க்லி வந்த ஷியாமளாவின் மகள் அந்த மேடையில் நின்று முன்னாள் துணை அதிபரைத் திணற வைக்கிறார் என்றால், என்னைப் போன்ற ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பும் முன், யார் வேட்பாளர் ஆவார் என்பதன் மேல் பங்கு வாங்கி விற்கும் பிரெடிக்ட்இட் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். 50 டாலர் போட்டு, ஜனநாயகக் கட்சியின் 2020 வேட்பாளர் ஹாரிஸ்தான் என்று 24 சென்ட் விலையில் 200 பங்கு வாங்கினேன். 48 டாலர். டிசம்பர் 3 அன்று அவர் போட்டியிலிருந்து விலகினார். 48 டாலரும் போயிற்று.

அதற்குப் பிறகும் அந்தக் கணக்கை மூடவில்லை. 2020, 2024 என்று இரண்டு வேட்பாளர் தேர்வுகளை அதில் பார்த்துவிட்டேன். இப்போது 2028-க்கான பெயர்களும் அங்கே ஏறி இறங்கத் தொடங்கிவிட்டன. "இது நம்பகமானதா, இதை வைத்து யார் வருவார் என்று சொல்ல முடியுமா" என்று கேட்கும் நண்பர்களுக்காக, நான் கற்றதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் 'ஆம்' பங்கு, 'இல்லை' பங்கு என்று இரண்டு உண்டு. விலை 1 சென்ட்டிலிருந்து 99 சென்ட் வரை. நீங்கள் சொன்னது நடந்தால் ஒரு பங்குக்கு ஒரு டாலர் வரும், நடக்காவிட்டால் ஒன்றும் இல்லை. முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை, நடுவில் எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். 24 சென்ட் என்றால், வாங்குகிறவர்கள் அவருக்கு ஏறக்குறைய 24 சதவீத வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறார்கள் என்று பொருள். அயோவா பல்கலைக்கழகம் 1988-லிருந்தே ஆராய்ச்சிக்காக இப்படி ஒரு சிறிய சந்தையை நடத்தி வருகிறது. பிரெடிக்ட்இட் 2014-இல் நியூஸிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. அதனால்தான் கட்டுப்பாடுகள் அதிகம். நான் வாங்கி விற்ற காலத்தில் ஒரு ஒப்பந்தத்தில், அதாவது ஒரு வேட்பாளரின் பங்கில், ஒருவர் 850 டாலருக்கு மேல் போட முடியாது, 5,000 பேருக்கு மேல் இருக்கவும் முடியாது. 2022-இல் இத்தகைய சந்தைகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஒழுங்குமுறை ஆணையம் அனுமதியைத் திரும்பப் பெற, வழக்கு நீதிமன்றம் போய், சந்தை பிழைத்தது. 2025-இல் வரம்பைத் தளர்த்தினார்கள்.

அப்புறம் கட்டணம். நான் வாங்கி விற்ற காலத்தில் லாபத்தில் 10 சதவீதம், பணத்தை வெளியே எடுக்கும்போது 5 சதவீதம். இது சிறியதாகத் தெரியும். ஆனால் விலைகளை நீங்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்பதையே இது மாற்றிவிடுகிறது. 2019 கோடையில் ஒரு நாள் பட்டியலில் இருந்த எல்லாப் பெயர்களின் 'ஆம்' விலையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். 112 வந்தது. ஜெயிக்கப்போவது ஒருவர்தானே, 100 தானே வர வேண்டும்? கட்டணமும் வரம்பும் இருப்பதால் யாரும் 'இல்லை' பங்குகளை வாங்கி அந்த இடைவெளியை முழுதாக அடைக்க மாட்டேன் என்கிறார்கள். ஆகவே திரையில் தெரியும் விலையை மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 24 சென்ட் என்பது உண்மையில் 21 சொச்சம்தான்.

நான் அயோவா மாநிலத் தலைநகர் டெ மாயினுக்கு வடக்கே ஆங்கெனியில் இருக்கிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மென்பொருள் சோதனை வேலை. 2018-இல் குடியுரிமை கிடைத்தது. ஆக 2020 பிப்ரவரி 3 என் வாழ்க்கையின் முதல் காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் ஒரு கூடத்தில் கூடி, வேட்பாளர் வாரியாகக் குழுவாக நின்று தலையை எண்ணும் முறை. என் மகளுக்கு அப்போது 17 வயது. நவம்பர் தேர்தலுக்குள் 18 ஆகிவிடும் என்றால் காக்கஸில் கலந்துகொள்ளலாம் என்பது விதி, ஆகவே அவளும் வந்தாள்.

பக்கத்துப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடம். எண்ணி முடித்தபோது 214 பேர். 15 சதவீதம் எட்டாத குழு செல்லாது, அதாவது 33 பேர் வேண்டும். முதல் சுற்றில் பூட்டஜஜ், பெர்னி சாண்டர்ஸ், வாரன் மூவரும் தேறினார்கள். பைடன் குழுவில் 30 பேர், மூன்று குறை. கிளோபச்சர் குழுவில் 27. யாங் உள்ளிட்ட மற்றவர்கள் அதற்கும் கீழே. தேறாத குழுக்களில் இருந்தவர்கள் எழுந்து வேறு குழுவுக்குப் போகலாம், அதற்காகத்தான் கையில் இருந்த அட்டையின் பின்பக்கத்தை விட்டு வைத்திருந்தார்கள். முன்பக்கம் முதல் விருப்பம், பின்பக்கம் இரண்டாவது.

அடுத்த பதினைந்து நிமிடம் நடந்ததை நான் மறக்க மாட்டேன். கிளோபச்சர் பலகையின் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மெதுவாக எழுந்தார்கள். இரண்டு பேர் வாரன் பக்கம் போனார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் பூட்டஜஜ் பக்கம். மீதி கிட்டத்தட்ட எல்லோரும் பைடன் மேசைக்கு. பைடன் தேறிவிட்டார். சாண்டர்ஸ் குழுவில் இளைஞர்கள் கை அசைத்து அசைத்துக் கூப்பிட்டார்கள். அந்த 27 பேரில் ஒருவர்கூட அங்கே போகவில்லை.

"அம்மா, பாத்தியா? அவங்க யாருமே பெர்னிகிட்ட போகல" என்றாள் மகள். அவள் வாரன் குழுவில் இருந்தாள், ஆனால் கண் முழுக்க மற்றவர்கள் எங்கே நடக்கிறார்கள் என்பதிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மாநிலம் முழுவதும் முடிவு வரவில்லை. எண்ணிக்கையை அனுப்பும் செயலி வேலை செய்யாமல் போய், கட்சி அன்றிரவு எதையும் அறிவிக்கவில்லை. அதிகாரபூர்வமான ஒரு எண்கூட வராத நிலையில் பிரெடிக்ட்இட்டில் விலைகள் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்த இரவில்தான் இந்தச் சந்தையைப் பற்றி எனக்குத் தெளிவு வந்தது. விலை என்பது அந்த நேரத்தில் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்தவர் என்ன நினைப்பார் என்று நினைப்பது. தொலைக்காட்சியில் ஒரு முகம் சிரித்தால் ஏறும். சாப்பாட்டுக்கூடத்தில் 27 பேர் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது.

கடைசியில் அயோவாவில் பைடன் நான்காவது. பிப்ரவரி 11 நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. அவருடைய 'ஆம்' விலை பத்து சென்ட்டை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் இந்த இரண்டு மாநிலங்களிலும் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர்கள். அந்த மாதக் கடைசியில் வரும் தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். அதோடு என் மனதில் அந்தச் சாப்பாட்டுக்கூடம் இருந்தது. பூட்டஜஜ், கிளோபச்சர், பைடன் மூவருக்கும் போட்டவர்களின் இரண்டாவது விருப்பம் பெரும்பாலும் இந்த மூவருக்குள்ளேயே சுற்றுகிறது. மூவரில் இருவர் விலகினால்? மேலும் 50 டாலர் போட்டு, 11 சென்ட்டில் பைடன் 300 பங்கு வாங்கினேன். 33 டாலர். ஒரே ஒரு அறையைப் பார்த்து எடுத்த முடிவு, தவறாகவும் போயிருக்கலாம். அதனால்தான் 33 டாலரோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரி 26 தென் கரோலினாவின் செல்வாக்குள்ள கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு. 29-ஆம் தேதி தென் கரோலினாவில் ஏறக்குறைய பாதி வாக்கு பைடனுக்கு. மார்ச் 1 பூட்டஜஜ் விலகினார், மார்ச் 2 கிளோபச்சர். இருவரும் டாலஸில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். மார்ச் 3, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் டியூஸ்டேயில் 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. கிளோபச்சரின் சொந்த மாநிலமான மின்னசோட்டாவும் அதில் ஒன்று. அந்த முடிவு திரையில் வந்தபோது, கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்த அந்த 27 பேரும் என் கண் முன்னால் வந்தார்கள். விளம்பரத்துக்கு மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் கொட்டிய கோடீஸ்வரர் புளூம்பர்க், பசிபிக் தீவான அமெரிக்கன் சமோவாவை மட்டும் வென்று மறுநாள் விலகினார்.

மார்ச் 4 காலை 84 சென்ட்டில் 300 பங்கையும் விற்றேன். 252 டாலர். லாபம் 219, அதில் 10 சதவீதக் கட்டணம் 21.90 போக 230.10. வெளியே எடுக்க 5 சதவீதம் போக 218.60 கைக்கு வந்தது. கட்டணம் மட்டும் 33 டாலரைத் தாண்டியது, அதாவது நான் போட்ட முதல் அளவுக்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.

இரண்டாவது விருப்பம் என்று நான் சொல்வது எப்போதும் ஒருவரைத் தூக்கிவிடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 2016 குடியரசுக் கட்சிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்பை விரும்பாதவர்கள் குரூஸ், ரூபியோ, கேசிக் என்று பிரிந்து நின்றார்கள். தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீத வாக்கு, கிடைத்தது 50 பிரதிநிதிகளில் 50. கட்சி மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் இந்தப் பிரதிநிதிகள். அந்தக் கட்சியில் பல மாநிலங்களில் முதலிடம் வந்தவருக்கே எல்லாம் அல்லது பெரும்பங்கு. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தாண்டிய எல்லோருக்கும் விகிதப்படி பங்கு. ஒரே மாதிரிக் கருத்துக்கணிப்பு எண்கள் ஒரு கட்சியில் மூன்றே வாரத்தில் ஆட்டத்தை முடித்துவிடும், இன்னொன்றில் ஜூன் வரை இழுக்கும். 2008-இல் ஒபாமாவும் ஹில்லரியும் அப்படித்தான் ஜூன் வரை போனார்கள். எந்தக் கட்சி, எந்த மாநிலம் எப்போது வாக்களிக்கிறது, அங்கே பிரதிநிதிகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரியாமல் விலையை மட்டும் பார்ப்பதில் பயனே இல்லை.

பிரெடிக்ட்இட்டின் பெரிய குறை, நடக்காது என்று எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கும் அங்கே விலை இருப்பது. மிஷல் ஒபாமா போட்டியிட மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனாலும் 2024 தொடக்கத்தில் அவருக்கு 'ஆம்' விலை இருந்தது. நான் 'இல்லை' பங்கு 94 சென்ட்டில் 100 வாங்கினேன். 94 டாலரை ஆறு மாதம் முடக்கி, கட்டணம் போகக் கிடைத்த லாபம் 5.40. இதை வைத்து யோசித்தால் காரணம் புரியும். தவறான விலையைச் சரிசெய்ய வருபவருக்குக் கூலி இவ்வளவுதான் என்றால் யார் வருவார்கள்? ஆகவே 5 சென்ட்டுக்குக் கீழே இருக்கும் பெயர்களை நான் வெறும் பூஜ்யமாகவே படிக்கிறேன்.

அதே மாதிரிதான் 'மாநாட்டில் யாருக்கும் பெரும்பான்மை இருக்காது' என்ற பேச்சும். நான்கு வருடத்துக்கு ஒரு முறை இது கிளம்பும், விலையும் ஏறும். 2020 பிப்ரவரியில் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தேர்தல் கணிப்புத் தளத்திலும் 'யாருமில்லை' என்ற வரிதான் மேலே வந்து நின்றது. பெரிய கட்சி ஒன்றின் மாநாட்டில் முதல் வாக்கெடுப்பில் முடிவு வராமல் போனது கடைசியாக 1952-இல். ஏன் என்றால் பணம். தோற்றுக்கொண்டிருப்பவருக்கு யாரும் காசு தர மாட்டார்கள், காசு நின்றால் பிரசாரம் நின்றுவிடும், அவர் மாநாட்டுக்கு முன்பே விலகிவிடுவார்.

இதற்கு நடுவில் மாதம் 29 டாலர் கட்டி ஒரு கணிப்பு அஞ்சல் சேவையிலும் நான்கு மாதம் இருந்தேன். பெயர் வேண்டாம். 'உறுதி', 'மிக உறுதி' என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள். எதை வைத்துச் சொன்னார்கள் என்று ஒரு வரி இருக்காது. போன மாதம் சொன்னது தவறியதைப் பற்றி இந்த மாதம் பேச்சே இருக்காது. பிரெடிக்ட்இட்டில் குறைந்தபட்சம் பழைய விலை வரைபடம் அப்படியே நிற்கிறது. யார் எப்போது எதை நம்பினார்கள் என்பதை யாராலும் மறைக்க முடியாது. எனக்கு அந்த நேர்மை மிகப் பெரிய விஷயம். 2019 ஜூலை ஹாரிஸ், அக்டோபர் வாரன், பிப்ரவரி சாண்டர்ஸ், மார்ச் பைடன் என்று முதலிடம் கைமாறிய அந்தக் கோடுகளை என் மகளுக்குக் காட்டியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லப்படும் எதையும் எவ்வளவு நம்பலாம் என்று புரிய வைக்க அதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

2024-க்கு வருகிறேன். மீண்டும் ஒரு ஜூன் 27, மீண்டும் ஒரு விவாதம், இந்த முறை அட்லாண்டாவில், பைடனும் டிரம்பும். பைடன் தடுமாறியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அன்றிரவு சந்தையில் அப்போதைய கலிபோர்னியா ஆளுநர் நியூசம் விலை ஹாரிஸைவிட மேலே போனது. ஹாரிஸ் நம் ஊர் ரத்தம் என்பதற்காக வாங்கும் பழக்கத்தை நான் 2019-லேயே விட்டிருந்தேன், ஆகவே அந்தச் சாப்பாட்டுக்கூடக் கேள்வியையே கேட்டேன். பைடன் எழுந்து போனால் அவருடைய ஆட்கள் எந்த மேசைக்கு நடப்பார்கள்? இங்கே ஆட்கள் என்றால் ஏறக்குறைய 3,900 பிரதிநிதிகள், பைடன்–ஹாரிஸ் அணிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பிரசாரக் கணக்கில் இருந்த பணமும் அந்த இரண்டு பெயரில்தான். நியூசம் அந்தப் பணத்தை அப்படியே எடுத்துச் செலவழிக்க முடியாது, ஹாரிஸால் முடியும். 18 சென்ட்டில் 100 பங்கு வாங்கினேன்.

ஜூலை 21 ஞாயிறு மத்தியானம் பைடன் விலகல் கடிதம் வந்தது. கொஞ்ச நேரத்திலேயே ஹாரிஸுக்கு ஆதரவு என்று அடுத்த அறிவிப்பு. மகள் கல்லூரி ஊரிலிருந்து போன் செய்தாள். "அம்மா, 2019-ல வாங்கினதை இப்ப வரைக்கும் வச்சிருக்கலாம்ல?" என்றாள். அந்த ஒப்பந்தம் 2020-க்கானது, அது அப்போதே முடிந்த கதை என்று விளக்கினேன். ஆனால் இருவருக்குமே குரல் தழுதழுத்தது. மறுநாள் இரவுக்குள் தேவையான பிரதிநிதிகள் அவர் பக்கம் வந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 5 அன்று இணையவழி வாக்கெடுப்பு முடிந்தது. எனக்கு வந்த லாபம் 82, கட்டணம் 8.20. அந்தப் பணத்தை வெளியே எடுக்கவில்லை, இன்னும் கணக்கிலேயே இருக்கிறது.

சரி, யார் இதைப் பயன்படுத்தலாம்? தேர்தல் செய்தியை எப்படியும் தினமும் படிக்கிறவர்கள், தொலைந்தால் வருத்தப்படாத தொகையை மட்டும் போடத் தெரிந்தவர்கள். வாங்கும் முன் ஏன் வாங்குகிறோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள், அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். சம்பாதிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், கட்டணமே தின்றுவிடும். மனதுக்குப் பிடித்தவருக்காக வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை நேராக அந்தப் பிரசாரத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிடலாம். என் 48 டாலரை நான் அப்படித்தான் கொடுத்திருக்க வேண்டும். பணமே போடாமல் விலையை மட்டும் பார்ப்பதற்கும் இது நல்ல இடம், அதற்குக் காசு கிடையாது. ஐந்துக்கு மூன்றரை தருவேன்.

2028 பட்டியலில் இப்போது ஜனநாயகக் கட்சியில் நியூசம், குடியரசுக் கட்சியில் வான்ஸ் பெயர்கள் மேலே நிற்கின்றன. இந்தக் கட்டத்தில் விலை பெரும்பாலும் பெயர் தெரிந்தவர் யார் என்பதைத்தான் சொல்கிறது. 2007-இல் ஹில்லரி பெயரும், 2015 தொடக்கத்தில் ஜெப் புஷ் பெயரும் எப்படி நின்றன என்று நினைத்துப் பாருங்கள். நான் இன்னும் ஒரு பங்கும் வாங்கவில்லை. ஒரு நோட்டில் மட்டும் எழுதி வருகிறேன். ஆபீஸில், பக்கத்து வீட்டில், பேச்சு வரும்போதெல்லாம் உங்களுக்கு யார் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, அவர் நிற்காவிட்டால் யார் என்றும் கேட்கிறேன். முதல் கேள்விக்கு எல்லோரும் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிக்கிறார்கள், அந்தப் பதிலைத்தான் தேதி போட்டு எழுதிக்கொள்கிறேன். இதுவரை 41 பேர்.